பந்தம் எடுத்ததும் படம் உடைந்தது

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். சித்திரை மாதம் சுடலைமாடன் கோவில் கொடை, அதாவது திருவிழா. தாராவியில் இருக்கும் அத்தைக்கு இந்த வருஷம் மூட்டுவலி, வர முடியவில்லை. "அண்ணன் ஆடுறத டிவியில பாக்கணும்லே, முழுசா எடுத்து அனுப்பு" என்று போனில் சொல்லிவிட்டாள். பெரியப்பாதான் கோமரத்தாடி, சாமி இறங்கி ஆடுகிறவர்.

இருக்கிறதிலேயே பெரிய அளவு என்று போனில் 4கே வைத்து எடுத்தேன். வில்லுப்பாட்டு, மகுட மேளம், நடுராத்திரிச் சாமக்கொடை எல்லாம் சேர்த்து 110 நிமிஷம். செகண்டுக்கு 48 மெகாபிட் என்று பதிவாகியிருந்தது. எட்டால் வகுத்தால் 6 மெகாபைட். மொத்தம் கிட்டத்தட்ட 40 ஜிபி. கையில் இருந்ததோ 16 ஜிபி பென்டிரைவ். அதைக் கொண்டுபோக வேண்டிய மச்சான் வெள்ளிக்கிழமை ரயிலேறுகிறான்.

ஒரு துண்டை மட்டும் போட்டு எங்கள் டிவியில் சொருகிப் பார்த்தேன். திறக்கவே இல்லை. (எங்கள் டிவியும் அத்தை வீட்டு டிவியும் ஒரே தீபாவளிக்கு வாங்கியவை, அதனால் இங்கே ஓடினால் அங்கேயும் ஓடும்.) போன் பதிவு செய்தது ஹெச்.265, அதாவது 2013-இல் வந்த கோடெக் (வீடியோவைச் சுருக்கி எழுதும் முறை). எங்கள் டிவிக்குத் தெரிந்தது 2003-இல் வந்த ஹெச்.264 மட்டும். புதியது ஏறக்குறைய பாதி பிட்டிலேயே அதே தரத்தைத் தரும். தந்து என்ன செய்ய, டிவிக்குப் படிக்கத் தெரியவில்லையே.

சரி, மாற்றிவிடலாம் என்று ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளை இறக்கினேன். அது இலவசம். ரெசொல்யூஷன் (படத்தில் எத்தனை புள்ளி) 1080, பிரேம் ரேட் (செகண்டுக்கு எத்தனை படம்) 60, பிட் ரேட் (செகண்டுக்கு எத்தனை பிட்) 2 மெகாபிட் என்று கொடுத்தேன். முதல் இரண்டும் பெரிய எண், கடைசி மட்டும் சிறியது; அழகாகவும் இருக்கும், இடமும் அடைக்காது என்பது என் புத்தி. ராத்திரி முழுக்க லேப்டாப் கொதித்துக்கொண்டு ஓடியது.

காலையில் வில்லுப்பாட்டு பளிச்சென்று இருந்தது. பெரியப்பா தீப்பந்தத்தைக் கையில் எடுத்தாரோ இல்லையோ, படம் கட்டம் கட்டமாக உடைந்தது. முகம் நாலைந்து சதுரமாகத்தான் தெரிந்தது.

அம்பாசமுத்திரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "1080 படம் ஒண்ணுல எத்தனை புள்ளி, பெருக்கிப் பாரு" என்றார். 1920-ஐ 1080-ஆல் பெருக்கினால் 20 லட்சத்து 73 ஆயிரத்துச் சொச்சம். சுருக்காமல் அப்படியே வைத்தால், புள்ளிக்கு 12 பிட், செகண்டுக்கு 25 பிரேம் என்று எடுத்துக்கொண்டாலும், செகண்டுக்கு 622 மெகாபிட் வேண்டும். அதை நான் 2-க்குள் அமுக்கியிருக்கிறேன்.

கோடெக் எப்படி அமுக்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு பிரேமை முழுசாக எழுதிக்கொண்டு, அடுத்தடுத்த பிரேம்களில் எது நகர்ந்தது, எது மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொண்டே போகும். வில்லுப்பாட்டில் அசைவது வீசுகோலும் உடுக்கையும் பாடகர் வாயும்தான். பின்னால் கட்டிய துணி அப்படியே நிற்கிறது. குறிக்க அதிகம் இல்லை. சாமியாட்டத்தில் தீ, புகை, கூட்டம், என் கை நடுக்கம் உட்பட எதுவுமே முந்தின பிரேம் மாதிரி இல்லை. குறிக்க வேண்டியது மலைபோலக் கிடக்க, பிட் தீர்ந்துபோகிறது. தீர்ந்தால் நுணுக்கத்தைத்தான் தூக்கிப் போடும்.

வீட்டில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா குறுக்கிட்டார். "கால்வாய்ல வர்ற தண்ணி அம்புட்டுதான். ஒரு கோட்டை விதைப்பாட்டுக்குள்ள தண்ணிய நாலு கோட்டைக்குப் பாய்ச்சினா கடைமடை காயத்தான் செய்யும்." (கோட்டை விதைப்பாடு என்பது எங்கள் பக்கத்து நில அளவு.) அண்ணாச்சி சொன்னதைவிட எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. வயலின் பரப்பு ரெசொல்யூஷன். எத்தனை தடவை பாய்ச்சுகிறோம் என்பது பிரேம் ரேட். கால்வாய்த் தண்ணீர் பிட் ரேட். முந்தின பாய்ச்சலின் ஈரம் கிடப்பதால், பிரேம் இரட்டித்தால் பிட்டும் இரட்டிக்க வேண்டியதில்லை. என் 60 மட்டும் சுத்த வீண். எடுத்ததே 30, மென்பொருள் ஒவ்வொரு பிரேமையும் இரண்டு தடவை போட்டது, அவ்வளவுதான்.

அந்த 2 மெகாபிட்டையே 720-க்குக் கொடுத்துப் பார்த்தேன். புள்ளிகள் பாதிக்கும் குறைவு, ஆகவே ஒரு புள்ளிக்குக் கிடைக்கும் பங்கு இரண்டேகால் மடங்கு. கொஞ்சம் மங்கல்தான், ஆனால் பெரியப்பா முகம் பெரியப்பா முகமாக இருந்தது. 1080-ஐவிட 720 நன்றாகத் தெரியும் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அதோடு நிற்க மனம் வரவில்லை. பிட் ரேட்டை நான் சொல்லாமல், தரத்தை மட்டும் சொல்லிவிட்டு மென்பொருளையே பிரித்துக்கொள்ள விடும் முறை ஒன்று இருக்கிறது. தரத்தைக் குறிக்கும் எண் குறையக் குறையத் தரம் கூடும். நான் 21 வைத்தேன். உழவுக்கு ஒரு தண்ணீர், நட்ட பிறகு ஒரு தண்ணீர் என்பதுபோல, வில்லுப்பாட்டுக்கு 3 மெகாபிட், பந்த ஆட்டத்துக்கு 14 என்று அதுவே எடுத்துக்கொண்டது. 1080, 30 பிரேம், ஹெச்.264. மொத்தம் 6 ஜிபிக்குச் சற்று மேல்.

இன்னொரு இடறல். அந்த டிவி படிப்பது எஃப்ஏடி32 என்ற முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவ் மட்டும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. இரண்டாக வெட்டினேன். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த இடங்களில் கறுப்புப் பட்டை ஓடுகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதோடு சேர்ந்து துடிக்கும் விளக்குக்கு 30 பிரேம் ஒத்துப்போகவில்லை; அடுத்த கொடைக்கு 25 பிரேம், ஷட்டர் செகண்டில் ஐம்பதில் ஒன்று என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை கூப்பிட்டாள். குரலில் கோபம். "எல்லாம் நல்லாத் தெரியுதுலே. அண்ணன் பந்தத்தக் கையில வாங்குது, சரியா அங்க போய் நிக்குது! மிச்சத்த என்ன செஞ்ச?"

ரிமோட்டில் எந்த பட்டனை அமுக்கினால் இரண்டாவது கோப்பு வரும் என்று சொல்லிப் புரியவைக்க இருபது நிமிஷம் ஆனது.