பாலத்துக்கு அந்தப்பக்கம் மூன்று நாள்

2019 கோடையில் அமெரிக்காவில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு பழைய மோட்டார் ஹோம், அதாவது உள்ளேயே தங்கக்கூடிய வீட்டு வண்டி, வாங்கினேன். 2008ஆம் ஆண்டு வண்டி. அமெரிக்க எல்லை நகரமான பஃபலோவிலிருந்து பீஸ் பிரிட்ஜ் என்ற பாலத்தைத் தாண்டினால் நான் இருக்கும் கனடா. பத்து நிமிட வேலை என்று நினைத்தேன்.

வண்டி நாட்டைவிட்டுப் போவதற்கு 72 மணி நேரம் முன்பே உரிமைப் பத்திரத்தின் நகல் அமெரிக்கச் சுங்கத்தின் கையில் இருக்க வேண்டுமாம். விற்றவர் மூச்சுக்கூட விடவில்லை. மூன்று இரவு ஒரு கடையின் வாகன நிறுத்தத்தில், என் சொந்த வண்டிக்குள்ளேயே தூங்கினேன். அண்ணன் மட்டும் தொலைபேசியில் சிரித்தார்: "வீடு வாங்கினாய், குடியேறிவிட்டாய்!"

கனடாப் பக்கம் வரி 5 சதவீதம். மாகாண வரி 8 சதவீதம் பதிவின்போது தனியாக. வட அமெரிக்கத் தயாரிப்பு என்பதால் சுங்கத் தீர்வை இல்லை. தயாரித்தவர்களே வண்டியைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டிய பழுது எதுவும் பாக்கியில்லை என்று தயாரிப்பாளரின் கடிதத்தை வைத்திருந்தேன். அதில் மட்டும் நான் கெட்டிக்காரன்.

அதிகாரி பக்கவாட்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே, பழைய உரிமையாளர் விட்டுப்போன விறகுக் கட்டு, சணல் கயிற்றோடு. மரத்துக்குள் பூச்சி ஒளிந்து வரும் என்று விறகைக் கொண்டுவர விடமாட்டார்கள். "உங்களுடையதா?" என்றார். இப்போது என் வண்டி, ஆகவே என் விறகுதான். விறகைப் பறிகொடுத்துவிட்டு வந்தேன்.

பகலிலும் தானாக எரியும் முகப்பு விளக்கு இல்லையென்றால் இங்கே கனடாவில் வண்டி சோதனையில் தேறாது. அடுத்த வாரம் மெக்கானிக்கிடம் போயிருந்தேன். அது தனிக் கதை.