ரெண்டு காலேஜ் பேர் எழுதணுமாம்

2016 ஏப்ரல் 18, திங்கள், பிளேனோ, டெக்சாஸ்

மகள் ஸ்கூலிலிருந்து ஒரு தாளோடு வந்தாள். அனுப்பியது இல்லினாய் மாநிலத்து எவன்ஸ்டனில் இருக்கும் நேஷனல் மெரிட் ஸ்காலர்ஷிப் கார்ப்பரேஷன், கல்லூரி உதவித்தொகைக்குப் போட்டி நடத்தும் அமைப்பு. போன அக்டோபரில் அந்தப் போட்டிக்காக எழுதிய பிஎஸ்ஏடி தேர்வில் நாடு முழுக்க முன்னணியில் வந்த சுமார் 50,000 பிள்ளைகளில் இவளும் ஒருத்தி. செப்டம்பரில் இந்தக் கூட்டத்தைப் பிரிப்பார்கள். ஏறத்தாழ 16,000 பேர் செமிஃபைனலிஸ்ட், அதாவது அடுத்த சுற்றுக்குப் போகிறவர்கள். மற்றவர்களுக்கு ‘கமெண்டட்’ என்று ஒரு பாராட்டுக் கடிதம், அதோடு சரி. இவள் எந்தப் பக்கம் என்று இப்போது சொல்ல மாட்டார்கள். அதற்குள், உன் பெயரை எந்த இரண்டு கல்லூரிகளுக்குத் தெரிவிக்கட்டும் என்று கேட்கிறார்கள்.

“எழுதிக் குடுத்தா அங்கயேதான் சேரணுமா?” என்றாள் மனைவி. இல்லை. “அப்புறம் என்ன, ஏதோ ரெண்டு எழுதிக் குடுங்க.” அவளுக்கு விஷயம் முடிந்துவிட்டது. எனக்கு இப்போதுதான் ஆரம்பம்.

2016 ஏப்ரல் 20, புதன்

ஸ்கூலில் காலேஜ் விஷயத்துக்கு வழிகாட்டும் கவுன்சிலரிடம் பேசினேன். எந்தக் கல்லூரியை எழுதினாலும் போட்டியில் இவள் இடம் ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. கல்லூரிக்குப் பெயர் போகும். வேண்டுமென்றால் அவர்கள் கடிதம் போடுவார்கள்.

மகள் ஏற்கெனவே பென்சிலில் ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி என்று எழுதி வைத்திருந்தாள். ராத்திரி சாப்பாட்டு மேசையில் இதுதான் பேச்சு.

ஸ்டான்ஃபோர்டு குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி கொடுக்கும் இடம். மார்க்கைப் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை. ஹார்வர்டு, எம்ஐடி எல்லாமே அப்படித்தான். பெர்க்லி உள்ளிட்ட கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் இந்த நேஷனல் மெரிட் உதவித்தொகையிலிருந்து 2005-லேயே விலகிவிட்டன. ஒரே ஒரு தேர்வின் மதிப்பெண்ணை வைத்து வடிகட்டுவது சரியில்லை என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. நம்ம ஊர் யூடி (டெக்சாஸ் பல்கலைக்கழகம்) ஆஸ்டின் வளாகமும் 2009-ல் வெளியே வந்தது. அந்தப் பணத்தை வசதியில்லாத பிள்ளைகளுக்குத் திருப்புவதாகச் சொன்னார்கள். அதுவும் நியாயம். ஆனால் அங்கெல்லாம் இவள் பெயரைச் சொல்லி அனுப்பினால் கடலில் கரைத்த பெருங்காயம்தான். அங்கே அப்ளிகேஷன் போடுகிற பிள்ளைகளில் நிறையப் பேர் இதே மாதிரி மார்க்கோடுதான் வருவார்கள்.

“அப்ப நம்மள யாருக்குப்பா தெரியணும்?” என்று கேட்டாள். நல்ல கேள்வி.

2016 ஏப்ரல் 24, ஞாயிறு

ஃபிரிஸ்கோ ஹனுமான் கோயில். பிரசாத வரிசையில் வாயைத் திறந்தால் போதும், யோசனைக்குப் பஞ்சமில்லை. “ஹார்வர்டு போடுங்க சார், பேராவது பதியும்” என்றார் ஒருவர். எங்கே பதியும் என்று கேட்கலாமா என்று பார்த்தேன். கையில் தயிர்சாதம் வைத்திருந்தார், விட்டுவிட்டேன்.

உருப்படியாகப் பேசியது ஓக்லஹோமாவில் மகனைப் படிக்க வைக்கிற ஓர் அம்மாதான். அவர் கணக்கு எளிது. முதல் ஆண்டில் இத்தனை நேஷனல் மெரிட் பிள்ளைகள் எங்களிடம் சேர்ந்தார்கள் என்று எண்ணிக்கை சொல்லிப் பெருமைப்படும் கல்லூரிகள் சில உண்டு: ஓக்லஹோமா, அலபாமா, யூடி டாலஸ். அந்த எண்ணிக்கை ஏற அவர்கள் செலவு செய்வார்கள். நேஷனல் மெரிட் நேரடியாகக் கொடுப்பது ஒரே தடவை 2,500 டாலர். அதுவும் கடைசிச் சுற்று வரை வந்த எல்லா ஃபைனலிஸ்டுக்கும் கிடையாது. கல்லூரி கொடுப்பதுதான் பணம்.

“பேர் போறது முக்கியமில்ல தம்பி, போற இடத்துல அதைப் படிக்கிறதுக்கு ஆள் இருக்கணும்” என்றார்.

2016 ஏப்ரல் 27, புதன்

மனைவிக்கு யூடி டாலஸ். வீட்டிலிருந்து டிராஃபிக் இல்லாவிட்டால் கால்மணி நேரம். மகள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! “வாரா வாரம் டிபன் பாக்ஸோட வந்து நிப்பீங்கம்மா.” உண்மைதான், நிற்பாள்.

நான் சொன்னது வேறு காரணம். யூடி டாலஸ் பக்கத்து ஊர். நாமே போய்க் கதவைத் தட்டலாம், பிளேனோ பிள்ளைகளை அவர்களுக்கு நன்றாகவே தெரியும். தாளில் இருக்கும் இரண்டு இடத்தையும் தூரத்துக் கல்லூரிகளுக்குச் செலவழிப்போம். ஒன்று அலபாமா. இன்னொன்று மகள் ஆசைக்காக லாஸ் ஏஞ்சலிஸ் யூஎஸ்சி (சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்). அங்கே ஃபைனலிஸ்டுகளுக்குப் பாதி ட்யூஷன், அதாவது கல்லூரிக் கட்டணத்தில் பாதி, தள்ளுபடி உண்டு. பேனாவால் எழுதி, பென்சிலை அழித்துக் கொடுத்துவிட்டாள்.

2016 ஜூலை 9, சனி

அலபாமாவிலிருந்து மறுபடியும் தடிமனான கவர். யூஎஸ்சியிலிருந்தும் ஒன்று.

2016 செப்டம்பர் 16, வெள்ளி

செமிஃபைனலிஸ்ட்.

புதுமுறைத் தேர்வின் முதல் வருஷம் என்பதால் கட்-ஆஃப் எங்கே நிற்கும் என்று டெக்சாஸில் ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது. ரீடிங், ரைட்டிங், மேத்ஸ் மூன்றையும் கூட்டி இரண்டால் பெருக்கினால் வருவதுதான் செலக்‌ஷன் இண்டெக்ஸ், உச்சம் 228. இவளுக்கு 37, 37, 36.5. அதாவது 221. டெக்சாஸ் கட்-ஆஃப் 220. ரீடிங்கில் ஒரு புள்ளி குறைந்திருந்தால் 219, கமெண்டட் கடிதம்தான் வந்திருக்கும்.

எடிசனில் இருக்கும் நண்பன் மகனுக்கும் இதே 221. நியூ ஜெர்சியில் கட்-ஆஃப் 222, அவன் வெளியே. மேற்கு வர்ஜீனியாவில் 209-க்கே கிடைக்கிறது. மாநிலவாரியாக இடம் பிரிப்பதால் வரும் வினை. நண்பனுக்கு ஃபோன் போட்டேன், என்ன பேசுவதென்று தெரியாமல் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன்.

இனி பெரிய அப்ளிகேஷன். அதிலும் கல்லூரிப் பெயர் கேட்கிறார்கள். இந்தத் தடவை ஒன்றே ஒன்று, ‘முதல் விருப்பம்’ என்று. இது ஏப்ரல் மாதத்துத் தாள் இல்லை. கல்லூரி தரும் நேஷனல் மெரிட் உதவித்தொகை, அந்தக் கல்லூரியை முதல் விருப்பமாகச் சொன்ன பிள்ளைக்கு மட்டும்தான். ஆனால் ‘இன்னும் முடிவாகவில்லை’ என்றும் போடலாம், பிறகு மாற்றலாம். அதையே போடச் சொன்னேன். அட்மிஷன் வராத கல்லூரிக்கு முதல் விருப்பம் சொல்லி என்ன ஆகப் போகிறது?

2017 பிப்ரவரி 10, வெள்ளி

ஃபைனலிஸ்ட். கும்பகோணத்துக்கு ஃபோன். “எந்த காலேஜ்ல சேத்துக்கிட்டாங்களாம்?” என்று அம்மா கேட்டாள். இன்னும் இல்லம்மா என்றேன். “பின்ன இத்தனை நாளா என்னத்தடா ஜெயிச்சா?”

2017 ஏப்ரல் 23, ஞாயிறு

இரண்டு இடத்திலும் அட்மிஷன் வந்தாயிற்று. யூஎஸ்சியில் பாதி ட்யூஷன் கழித்தாலும், தங்கும் செலவைச் சேர்த்தால் வருஷத்துக்கு 40,000 டாலர் பக்கம் நாங்கள் போட வேண்டும். அலபாமாவில் ஐந்து வருஷம் வரை ட்யூஷனை அவர்களே ஏற்பார்கள், ஹாஸ்டலும் உண்டு, கைச்செலவுக்கும் கொஞ்சம். முக்கியமான நிபந்தனை: நேஷனல் மெரிட்டில் அலபாமாவை முதல் விருப்பமாகப் பதிய வேண்டும்.

அலபாமா பல்கலைக்கழகம் இருக்கும் டஸ்கலூசா போய்ப் பார்த்துவிட்டே வந்தோம். ஐ-20 பிடித்து ஷ்ரீவ்போர்ட், ஜாக்சன் வழியாக ஒன்பது மணி நேரம். மகள் போகும்போது ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. திரும்பும்போது, லேபில் பேசிய புரொஃபசர் இவள் ப்ராஜெக்ட்டைப் பற்றிக் கேட்டதை மெரிடியன் வரை சொல்லிக்கொண்டு வந்தாள். மனைவிக்கு இன்னும் யூஎஸ்சி மேல்தான் கண். பெயர் பெரிய பெயர், கடன் வாங்கலாம் என்கிறாள். எனக்குக் கடன் பிடிக்காது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை, ஒன்பது மணி நேரம் ஓட்டியதே என் கருத்தைச் சொல்லியிருக்கும்.

2017 ஏப்ரல் 25, செவ்வாய்

மகளே ராத்திரி உட்கார்ந்து ‘முடிவாகவில்லை’யை எடுத்துவிட்டு அலபாமா என்று மாற்றினாள். யூஎஸ்சிக்கு நன்றி சொல்லி ஒரு மெயிலும் போட்டாள். மனைவி கூகுள் மேப்பில் டஸ்கலூசாவுக்குப் பக்கத்தில் இந்தியன் க்ராஸரி எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறாள். பர்மிங்ஹாம்தான் கிட்ட என்கிறது, ஒரு மணி நேரம்.