ஜாப்டோஸ் வந்த அந்தக் கடைசி ரெண்டு நிமிஷம்

2020 ஜூன் 24. போகிமான் ரசிகர்கள் நாங்க ஒரு வாரமா "பெரிய அறிவிப்பு"க்குக் காத்திருந்தோம். டயமண்ட், பேர்ல்ங்கிற பழைய போகிமான் ஆட்டங்கள் ரெண்டும் புதுசா வரும்னு பலர் நம்பியிருந்தாங்க. வந்தது போகிமான் யுனைட்: சீனக் கம்பெனி டென்சென்ட்டோட டிமி ஸ்டூடியோ செய்யும் ஐந்துக்கு ஐந்து ஆன்லைன் ஆட்டம். யூடியூப்ல டிஸ்லைக் கொட்டித் தீர்த்தாங்க. அந்தக் கோபம் எனக்கும் இருந்துச்சு. தண்ணீர் நெருப்பை வெல்லும், நெருப்பு புல்லை வெல்லும்ங்கிற அடிப்படைக் கணக்கையே எடுத்துட்டா அது என்ன போகிமான்?

2021 ஜூலையில நிண்டெண்டோ ஸ்விட்ச்ல வந்துச்சு, செப்டம்பர்ல மொபைல்ல. விளையாடிப் பார்த்த பிறகு மனசு மாறிடுச்சு.

பத்தே நிமிஷ ஆட்டம். கடைசி ரெண்டு நிமிஷத்துல போடுற கோலுக்கெல்லாம் ரெட்டைப் புள்ளி. அப்போ நடு மைதானத்துல ஜாப்டோஸ்ங்கிற மின்னல் பறவைப் போகிமான் வரும். அதோட உயிர்க்கோடு குறையக் குறைய நம்ம கையும் நடுங்கும். எட்டு நிமிஷமா தோத்துட்டு இருந்த அணி, அதை வீழ்த்தின கையோட எதிரி கோலுக்கு ஓடி, சேர்த்து வச்ச அம்பது புள்ளியைத் தூக்கிப் போட்டா நூறு!

ஆனா ஒரு விஷயத்துல ரசிகர்கள் கத்தினது நூத்துக்கு நூறு நியாயம். ஆட்டம் வந்த புதுசுல, போகிமானுக்கு மாட்டிவிடுற பொருள்களை 30-வது நிலை வரைக்கும் ஏத்தலாம்னு இருந்துச்சு. காசு கொட்டினா சீக்கிரமே ஏத்திட முடிஞ்சுது. குழந்தைகளும் விளையாடுற ஆட்டத்துல பலத்தை விலைக்கு வைக்கவே கூடாது.

இன்னிக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு இறங்குறேன். கூட்டாளிகளோட உயிரை ஏத்தி விடுற போகிமான் எல்டெகாஸை எடுத்து அணியைக் காப்பாத்த ஒருத்தர் வேணும். வர்றவங்க கமெண்ட்ல சொல்லுங்க.