தடிமன் மட்டும்தான், சேர்

மட்டக்களப்பில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக டெங்கு ஒழிப்புக்காக வீடுவீடாக ஏறி இறங்கியவன் நான். டெங்குவை விளங்கப்படுத்துவது எளிது. சிரட்டையில் தேங்கிய நீருக்கு டோர்ச் அடித்தால், துள்ளும் குடம்பியைச் சின்னப் பிள்ளையும் கண்டுகொள்ளும். கொரோனாவில் அப்படிக் காட்டுவதற்கு எங்கள் கையில் எதுவும் இருக்கவில்லை.

2020 மார்ச்சில், இத்தாலியிலிருந்தும் தென்கொரியாவிலிருந்தும் வந்தவர்களை எங்கள் மாவட்டத்துப் புனானையில் தனிமைப்படுத்தியபோது ஊர் பதறியது. கிருமி வெளியூர்க்காரரிடம்தான் இருக்கும் என்ற எண்ணம் அப்போதே வேர்விட்டது. அறிகுறி தென்படுவதற்கு இரண்டு நாள் முன்பே ஒருவரிடமிருந்து தொற்றலாம் என்பதைப் புரியவைக்கத்தான் பெரும்பாடுபட்டோம். அக்டோபரில் கொழும்பை அடுத்த பேலியகொடை மீன்சந்தைத் தொற்று எங்கள் பக்கத்து வாழைச்சேனைவரை வந்த பிறகே பலர் அதை நம்பினார்கள்.

அதற்குள் கை கழுவுதல், முகக்கவசம், ஒரு மீட்டர் இடைவெளி எல்லாம் ஊருக்கே மனப்பாடம். ஆனால் படலையில் நின்று காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டால், "தடிமன் மட்டும்தான், சேர்" என்பார்கள். உள்ளே கொத்தமல்லி அவியும் வாசம் ஒழுங்கைவரை வரும். அவர்களுக்கு நோயும் தெரியும், சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். வாசலில் அறிவித்தல் ஒட்டப்படும், நாட்கூலி நின்றுபோகும், கடைக்காரர் பிள்ளையை எட்டி நிற்கச் சொல்வார்.

முஸ்லிம் வீடுகளில் அச்சம் இன்னும் ஆழமானது. கொரோனாவில் இறந்தவரை எரித்தே ஆக வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்யலாம் என்றே உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தது. வாப்பாவுக்கு மூச்சு முட்டுகிறது என்று வாய்திறந்தால் அவருடைய மையித்துகூட, அந்த உடல்கூட, அடக்கம் செய்யத் தங்களுக்குக் கிடைக்காது என்று நடுங்கும் மகனிடம் எந்தத் துண்டுப்பிரசுரத்தை நீட்டுவது? 2021 மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கும்வரை அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. எரித்தே ஆக வேண்டும் என்றது சுகாதாரத்துக்கே விரோதமான முடிவு என்று இன்றும் சொல்வேன்.

பிறகு நான் பேச்சை வேறு இடத்திலிருந்து தொடங்கினேன். வீட்டில் அரிசி இருக்கிறதா, மருந்து வாங்கித் தர யார் இருக்கிறார்கள் என்பதை முதலில் கேட்பேன். காய்ச்சலைப் பற்றிய கேள்வி அதற்குப் பின்னர்தான். அறிவித்தலும் உலருணவுப் பொதியும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்த ஒழுங்கைகளில், பக்கத்து வீட்டார் தாமாகவே தொலைபேசியில் அழைத்து, "இங்கேயும் ஒருவருக்கு மணம் தெரியவில்லை, வந்து பாருங்கள்" என்றார்கள்.