கேள்வி கேட்டபின் பேசாமல் நிற்பது

31 ஆண்டுகள் கணிதம் கற்பித்துவிட்டு நான் ஓய்வு பெற்ற வாரத்தில், அவ்வாண்டுதான் பணியில் சேர்ந்திருந்த இளம் ஆசிரியர் ஒருவர் என்னிடம் வந்து, "சார், ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்" என்றார். பாடக்குறிப்பு எழுதுவது, வகுப்பை அமைதியாக வைத்திருப்பது, பெற்றோரிடம் பேசுவது என்று பல நினைவுக்கு வந்தன. ஆனால் அவற்றையெல்லாம் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் அவர் தாமாகவே கற்றுக்கொண்டுவிடுவார் என்று தோன்றியது. எனக்குப் பிடிபடவே 11 ஆண்டுகள் ஆன ஒன்றைத்தான் சொன்னேன்: கேள்வியைக் கேட்டபின் பேசாமல் நில்லுங்கள். இதற்கா இத்தனை யோசித்தார் என்பதுபோல் அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நியாயம் இருந்ததால்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

தொடக்க ஆண்டுகளில் நான் சரளமாகப் பேசும் ஆசிரியர் என்று பெயர் வாங்கியிருந்தேன். கேள்வி கேட்பேன், உடனே பதில் வராவிட்டால் வேறு சொற்களில் மீண்டும் கேட்பேன், அதற்கும் வராவிட்டால் நானே பதிலைச் சொல்லிவிடுவேன், அல்லது எப்போதும் கை தூக்குகிற மூவரில் ஒருவரை எழுப்புவேன். பாடம் குறித்த நேரத்தில் முடியும், பிள்ளைகள் தலையாட்டுவார்கள், நானும் புரிந்துவிட்டது என்று நம்புவேன். விடைத்தாள்களைத் திருத்தும்போது மட்டும் அந்தத் தலையாட்டல்கள் எங்கே போயின என்று தெரியாது. பல ஆண்டுகள் இதற்குப் பிள்ளைகளின் கவனக்குறைவையே காரணமாகச் சொல்லிவந்தேன். அது எல்லா ஆசிரியர் அறைகளிலும் எளிதில் கிடைக்கும் காரணம்.

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, வகுப்பறை உரையாடல்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு 1970-களில் எழுதிய கட்டுரைகளின் சாரத்தை ஒரு பயிற்சியில் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஏறத்தாழ 1 விநாடியே காத்திருக்கிறார்கள் என்று அவர் கண்டிருந்தார். அதை 3 விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, "தெரியாது" என்பது குறைந்தது, வழக்கமாகப் பேசாதவர்கள் பேசினார்கள், பிள்ளைகள் தாமே கேள்வி கேட்பதும் கூடியது. என்னைச் சங்கடப்படுத்தியது இன்னொரு செய்தி: கெட்டிக்காரர்கள் என்று ஆசிரியர்கள் கருதிய பிள்ளைகளுக்கு அதிக நேரமும், மந்தமானவர்கள் என்று கருதியவர்களுக்குக் குறைந்த நேரமும் கிடைத்திருந்தன. மறுநாள் என் வகுப்பையே கவனித்தேன். நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

முயன்று பார்த்தால்தான் 3 விநாடி எவ்வளவு நீளம் என்பது தெரியும். வகுப்பு முழுவதும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த மௌனம், பாடத்தை மறந்துவிட்டு நிற்பவரின் மௌனம்போலவே நமக்குத் தோன்றும். நான் மனத்துக்குள் எண்ணிக்கொள்வேன். அதுவும் போதாதபோது சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வேன், ஏனெனில் கையில் சாக்பீஸ் இருந்தால் அது தானாகக் கரும்பலகையை நோக்கிப் போய்விடும். கேள்வியை மீண்டும் கேட்கக் கூடாது. அப்படிக் கேட்பது யோசித்துக்கொண்டிருப்பவரின் தோளைத் தட்டுவதற்குச் சமம். பதில் வந்தபின்னும் உடனே "சரி" என்று சொல்லாமல் சற்று நிற்க வேண்டும். சொன்ன பிள்ளையே தன் பதிலைத் திருத்திக்கொள்வது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். 7 × 8 எவ்வளவு என்பதுபோல் மனப்பாடமாகச் சொல்லும் கேள்விக்கு இதெல்லாம் தேவையில்லை.

காத்திருக்கத் தொடங்கியபின் எனக்குக் கிடைத்தவை பெரும்பாலும் தவறான பதில்கள். அவைதான் எனக்கு வேண்டியிருந்தன. ஒருமுறை அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னேன். பின்வரிசைப் பையன் ஒருவன், ஐந்தில் இரண்டு என்றான். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவிட்டான் என்று பழைய நானாக இருந்தால் அந்த நொடியே திருத்தியிருப்பேன். அன்று எப்படி என்று மட்டும் கேட்டுவிட்டு நின்றேன். சிறிது நேரம் கழித்து அவன், ஒரு தேர்வில் 2 கேள்விகளில் 1 சரி, அடுத்த தேர்வில் 3 கேள்விகளில் 1 சரி, ஆக மொத்தம் 5 கேள்விகளில் 2 சரிதானே என்றான். அவன் சொன்னதில் பிழையே இல்லை. அவன் விடை சொன்ன கணக்குத்தான் நான் கேட்ட கணக்கு அல்ல. இதற்கு என்ன மறுமொழி சொல்வது என்று நான் திகைத்து நின்றபோது, வேறொரு மாணவி எழுந்து, பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தபின் பாதியைவிடக் குறைவாக வருவது எப்படி என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் முழுப் பாடவேளையும் போனது. பின்னங்களின் பகுதி, அதாவது கீழே உள்ள எண், ஒரே எண்ணாக இருந்தால்தான் கூட்டலாம் என்று அதுவரை நான் விதியாக மட்டுமே சொல்லிவந்ததை அன்று அவர்களாகவே வந்தடைந்தார்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். 8 + 4 = ☐ + 5 என்று எழுதிக் கட்டத்தில் வரவேண்டிய எண்ணை எல்லோரையும் முதலில் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். 12 என்று எழுதியவர்கள் சமக்குறியை "விடையை இங்கே எழுது" என்ற கட்டளையாகப் படிக்கிறார்கள். 17 என்று எழுதியவர்கள் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் கூட்டியிருக்கிறார்கள். முதலில் கை தூக்கியவர் 7 என்று சொன்னதோடு நாம் நகர்ந்துவிட்டால் இந்த இரண்டும் நமக்குத் தெரியாமலே போகும்.

விடைத்தாளிலும் இதே அவசரம் உண்டு. மதிப்பெண்ணோடு குறிப்பும் எழுதித் தந்தால் பிள்ளைகள் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்துவிடுகிறார்கள். கல்வி ஆய்வாளர் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேற, மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் பயன் கிடைக்கவில்லை. நான் கடைசி ஆண்டுகளில் சிறு தேர்வுகளுக்கு முதல் நாள் குறிப்பு மட்டும் எழுதித் தந்து, அவர்கள் திருத்திக்கொண்டு வந்தபின்பே மதிப்பெண் சொன்னேன். முணுமுணுப்புகள் இருந்தன.

இப்படிச் செய்தால் பாடத்திட்டம் முடியுமா என்று அந்த இளம் ஆசிரியரும் கேட்டார். ஒரு பாடவேளையில் 20 கேள்விகள் என்றாலும் காத்திருப்பதற்கு ஆவது 1 நிமிடம்தான். ஆனால் பின்னம் கூட்டிய அந்த நாளைப் போன்றவை மெய்யாகவே நேரத்தைத் தின்னும். சில ஆண்டுகளில் கடைசிப் பாடங்களை ஓட்டமாக நடத்தியிருக்கிறேன். அதற்காக மேலிடத்தில் பேச்சும் வாங்கியிருக்கிறேன்.

அவரிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. கேள்வி முடியுமுன்பே விடை கண்டுவிட்டு, மற்றவர்களுக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்கு அந்த விநாடிகளில் என்ன தருவது என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. கடினமான கணக்கு ஒன்றைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தேன். அது தண்டனைபோல் ஆயிற்று. பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கச் சொன்னேன். அந்தப் பிள்ளை விளக்காமல் விடையையே சொல்லிவிட்டது. அந்த இளம் ஆசிரியருக்கு இதில் ஏதேனும் வழி புலப்பட்டால் எனக்குத் தெரிவிக்கட்டும். ஓய்வு பெற்றபின்னும் இதை நான் விட்டபாடில்லை.