இதுல எது என் வீட்டு நம்பர்?

"இந்த லெட்டர்ல 0ன்னு ஒண்ணு போட்டிருக்கு, 15ன்னு ஒண்ணு போட்டிருக்கு, எங்க வீட்டுக்கு வந்தது 12. இதுல எது என் வீட்டு நம்பர்?"

நான் அமெரிக்காவுல ஒரு ஊரோட தண்ணி ஆபீஸ்ல வேலை பாக்கறேன். வீட்டுக் குழாய்த் தண்ணில ஈயம் எவ்ளோ இருக்குன்னு டெஸ்ட் பண்ணி நாங்க அனுப்பின லெட்டர வச்சுக்கிட்டு, 2019 அக்டோபர்ல போன்ல ஒரு வயசான அம்மா என்கிட்ட கேட்டது இதான். மொத்தமா நாலு நிமிஷம்கூட இருக்காது அந்த கால். ஆறு வருஷம் ஆகப்போகுது, இன்னும் கார் ஓட்டும்போது, பாத்திரம் கழுவும்போது திடீர்னு அந்தக் கேள்வி வந்து நிக்குது.

அந்தம்மா அவங்களாவே டெஸ்ட் கேட்டு வாங்கினவங்க. மக பிரசவம் முடிச்சு வேலைக்குத் திரும்பிட்டா, பேரன் பகல் பூரா இவங்ககிட்ட, ஃபார்முலா பால். நாங்க குடுத்த பாட்டில்ல தண்ணி பிடிக்கறதுக்கு முன்னாடி ஆறு மணி நேரம் வீட்ல யாரும் குழாயத் தொறக்கக்கூடாது, டாய்லெட் ஃப்ளஷ்கூட கூடாதுன்னு எழுதியிருக்கும், அத வரி விடாம செஞ்சிருக்காங்க. "எல்லாரும் எந்திரிக்கறதுக்கு முன்னாடி நாலரைக்கு எந்திரிச்சுப் பிடிச்சேன் ஹனி, சரியாத்தான பிடிச்சிருக்கேன்?"னு கேட்டாங்க. நான் சரியாத்தான் பிடிச்சிருக்கீங்கன்னேன். அது ஒண்ணுதான் அன்னிக்கு நான் முழுசா சொன்ன பதில்னு இப்ப தோணுது.

மத்தது இப்படிப் போச்சு. "உங்க வீட்டுத் தண்ணில ஈயம் ஃபெடரல் ஆக்‌ஷன் லெவலுக்குக் கீழதான் இருக்கு மேடம்." "அப்ப குழந்தைக்கு இதுலயே பால் கலக்கலாமா?" "நாங்க மருத்துவ ஆலோசனை சொல்லக்கூடாது, அத நீங்க டாக்டர்ட்ட கேக்கணும். காலைல கொஞ்ச நேரம் குழாயத் தொறந்து விட்டுட்டு அப்புறம் பிடிங்க, சுடுதண்ணிக் குழாய்ல பிடிக்காதீங்க." "சரி, ரொம்ப தேங்க்ஸ்"னு வச்சுட்டாங்க. நான் கால் லாக்ல 'வாடிக்கையாளர் கேள்விக்கு விளக்கம் அளிக்கப்பட்டது'ன்னு டைப் பண்ணி குளோஸ் பண்ணிட்டு லஞ்சுக்குப் போனேன்.

பொய் ஒரு வார்த்தை இல்ல. அத நான் எத்தன தடவ வேணா சொல்லுவேன்.

ஆனா பேசிட்டிருந்தப்ப என் ஸ்கிரீன்ல அந்த அட்ரஸ் ஓப்பன்ல இருந்துச்சு. வீடு கட்டினது 1926. மெயின் பைப்ல இருந்து வீட்டுக்குப் போற சர்வீஸ் லைன் என்ன மெட்டீரியல்ங்கற கட்டத்துல 'தெரியாது'. 1926ல கட்டின வீட்டுக்கு 'தெரியாது'ன்னா என்ன அர்த்தம்னு இந்த வேலைல இருக்கற யாருக்கும் தெரியும். சிகாகோ மாதிரி ஊர்ல 1986 வரைக்கும் வீட்டு லைனுக்கு ஈயப் பைப்தான் போடணும்னு நகர சட்டமே இருந்துச்சு, இன்னிக்கும் அங்க நாலு லட்சம் வீட்டுக்கு மேல அந்தப் பைப்தான் போகுது. எங்க ஊர் அதவிட ரொம்பச் சின்னது, ஆனா பழசு. நான் அந்தக் கட்டத்தப் பாத்தேன், பாத்துட்டு சொல்லல.

அந்த 15 பத்திச் சொல்லணும். நான் போன்ல சொன்ன ஃபெடரல் ஆக்‌ஷன் லெவல் அதான். 1991ல வந்த விதி அது, ஒரு லிட்டர் தண்ணில 15 மைக்ரோகிராம் ஈயம். அது ஒரு குழந்தையோட உடம்புக்கு வச்ச அளவே கிடையாது. ஊர்ல குறிப்பிட்ட வீடுகள்ல சாம்பிள் எடுத்து வரிசையா அடுக்கி, நூத்துல தொண்ணூறாவதா வர்ற வீட்டு நம்பர் 15க்கு மேல போனா, தண்ணி நிர்வாகம் பைப் அரிக்காம இருக்க இன்னும் நல்லா ட்ரீட்மென்ட் பண்ணணும், ஜனங்களுக்குச் சொல்லணும், பைப்ப மாத்தணும், அதுக்கான அலாரம்தான் அது. மிச்சம் பத்து வீட்ல என்ன நம்பர் வந்தாலும் ஊர் 'பாஸ்'. உடம்புக்குன்னு அரசாங்கமே வச்சிருக்கற இலக்கு 0. அந்தம்மா சரியா அந்த ரெண்டையும்தான் விரல் வச்சுக் கேட்டாங்க. உங்க பேரனுக்கு 0தாம்மா, 15 எங்களுக்குன்னு ஒரு வரில முடிஞ்சிருக்க வேண்டிய பதில். நான் எங்க நம்பர எடுத்து அவங்க கைல குடுத்துட்டேன்.

அப்ப ஏன் சொல்லலன்னு என்னையே கேட்டா எனக்கு நாலஞ்சு காரணம் வருது, எல்லாமே நியாயமாத்தான் தெரியுது. மிச்சிகன்ல ஃபிளின்ட்ங்கற ஊர்ல குழாய்த் தண்ணில ஈயம் கலந்து பெரிய பிரச்சனை ஆனதுக்கு அப்புறம் எங்க எல்லாருக்கும் என்ன பேசணும், என்ன பேசக்கூடாதுன்னு ட்ரெயினிங் குடுத்திருந்தாங்க. 'பாதுகாப்பானது'ன்னும் சொல்லாத, 'ஆபத்து'ன்னும் சொல்லாத, 'தரத்துக்குள்ள இருக்கு'ன்னு சொல்லு. எங்க சூப்பர்வைசர் கெட்ட மனுஷர் இல்ல, ஒரு கிளார்க் வாய்ல இருந்து வர்ற ஒரு வார்த்தைக்கு ஒரு தெருவே குழாய்த் தண்ணிய விட்டுட்டு பாட்டிலுக்குப் போயிட்டா, அங்க மெயின்ல தண்ணி ஓடாம தேங்கும், குளோரின் கொறையும், அது வேற ஆபத்துன்னு சொல்லுவார். அதுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு. இன்னொண்ணு, ஈயப் பைப்பா இருக்கலாம்னு சொன்னா அடுத்த கேள்வி மாத்தித் தருவீங்களான்னு வரும். அப்ப எங்க ஊர்ல ரோட்டுப் பக்கம் எங்களோடது, வீட்டுப் பக்கம் வீட்டுக்காரங்களோடது, பல ஆயிரம் டாலர் செலவு. பென்ஷன்ல இருக்கறவங்ககிட்ட அத எப்படிச் சொல்றது. சொல்லி என்ன பண்ணச் சொல்றது.

ஃபிளின்ட்ல நடந்த மாதிரி நான் எதுவும் பண்ணலன்னும் சொல்லிப்பேன். அங்க 2014 ஏப்ரல்ல செலவக் கொறைக்க ஆத்துத் தண்ணிக்கு மாறினப்போ பைப் அரிக்காம இருக்கறதுக்குப் போடவேண்டிய பாஸ்பேட்டே போடல. 2015ல 71 சாம்பிள்ல ரெண்ட கணக்குல இருந்து எடுத்ததும் ஊரோட நம்பர் 15க்குக் கீழ வந்துச்சு, அதுல ஒண்ணு தன் குழந்தைகளுக்காகப் போராடிட்டிருந்த ஒரு தாயோட வீட்டு 104. நான் எந்த நம்பரையும் மறைக்கல, 12அ 12ன்னுதான் லெட்டர்ல போட்டேன். ஒரு கட்டத்துல இருந்த 'தெரியாது'ங்கற ஒரே ஒரு வார்த்தைய மட்டும்தான் சொல்லாம விட்டேன். ரெண்டும் வேற வேறதான். வேற வேறதான்னு எனக்கு நானே இவ்ளோ தடவ சொல்லவேண்டியிருக்கே, அதான் உறுத்துது.

எங்க வீட்ல என் பொண்ணு பொறந்ததுல இருந்தே குழாய்ல ஃபில்டர் இருக்கு. ஈயத்த வடிகட்டும்னு என்எஸ்எஃப் 53ங்கற தரச் சான்று போட்டது, முப்பது டாலரோ என்னமோ. அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது இந்தக் கால் பத்தி சும்மா சொன்னேன், அந்தம்மா எவ்ளோ கவனமா நாலரைக்கு எந்திரிச்சுப் பிடிச்சிருக்காங்க பாருன்னு ஒரு மரியாதைலதான் சொன்னேன். என் மனைவி, "ஏங்க, நம்ம மாதிரி ஒரு ஃபில்டர் வாங்கிப் போடச் சொல்லியிருக்கலாம்ல?"ன்னா. ஆபீஸ்ல ஒரு பொருள வாங்கச் சொல்லிப் பரிந்துரைக்கக்கூடாதுன்னேன். அவ ஒண்ணும் சொல்லல, தட்டுல ரசம் ஊத்திட்டுப் போயிட்டா.

ரசம்னதும் ஒண்ணு, ஊர்ல எங்கம்மாகிட்ட என் வேலையப் பத்திச் சொன்னப்போ, "நாம ஈயச் சொம்புலதானடா காலங்காலமா ரசம் வெக்கறோம்"னாங்க. அது வெள்ளீயம்மா, இது காரீயம், வேற உலோகம், சுத்த வெள்ளீயமான்னு மட்டும் பாத்து வாங்குன்னு விளக்கினேன். அம்மாவுக்கு அத்தன பொறுமையா வெள்ளீயம் காரீயம்லாம் விளக்கத் தெரிஞ்சவன்தான் நானு.

2022 ஆகஸ்ட்ல அந்தத் தெருவுல மெயின் மாத்தற வேலை வந்துச்சு. 2021ல வந்த உள்கட்டமைப்புச் சட்டத்துல ஈயப் பைப்புக்குன்னே 15 பில்லியன் டாலர் ஒதுக்கினதுல எங்களுக்கும் கொஞ்சம் கெடச்சது, அதனால வீட்டுப் பக்கமும் சேத்தே இலவசமா மாத்தினோம். பாதிய மட்டும் வெட்டி மாத்தினா மிச்சப் பைப்ல ஒட்டியிருக்கறது ஆடி உதிந்து, கொஞ்ச காலத்துக்கு ஈயம் கூடிடும், அதனால மாத்தினா முழுசா மாத்தணும். நியூ ஜெர்சில நெவார்க் மூணு வருஷத்துக்குள்ள 23,000 பைப் அப்படி மாத்திக் காட்டினாங்க. பணமும் மனசும் இருந்தா முடியும்.

லிஸ்ட்ல அந்த அட்ரஸப் பாத்துட்டு நானே சைட்டுக்குப் போனேன். போகணும்னு கட்டாயம் இல்ல. குழி இடுப்புக்கு மேல ஆழம். ஃபோர்மேன் உள்ள இறங்கி, பைப் மேல இருந்த மண்ண கையாலயே தொடச்சார். சாம்பல் நெறம், ஜாயின்ட் பக்கத்துல வெங்காயம் மாதிரி ஒரு புடைப்பு. அப்பவே தெரிஞ்சுபோச்சு. இருந்தாலும் காந்தத்த வச்சார், ஒட்டல. பாக்கெட் கத்தியால ஒரு கீறு கீறினார், அந்தக் கோடு மட்டும் புது நாணயம் மாதிரி பளிச்சுனு வெள்ளி நெறத்துல மின்னுச்சு. மேல நிமுந்து பாத்து, "உன் 'தெரியாது' இதான்"னார். அவருக்கு எதுவும் தெரியாது, எல்லா வீட்லயும் சொல்றதத்தான் சொன்னார்.

குழில இருந்து நிமிந்து வீட்டப் பாத்தேன், வீடு ரோட்ட விட்டு ரொம்ப உள்ள தள்ளி இருந்துச்சு. அறுபது எழுபது அடி பைப். அங்கதான் எனக்குக் கை கால் ஆடிப்போச்சு. மொதல் லிட்டர்ல வர்றது சமையலறைக் குழாய்லயும் வீட்டுக்குள்ள இருக்கற பைப்லயும் நின்ன தண்ணி. ராத்திரி பூரா இந்த ஈயப் பைப்புக்குள்ள நின்ன தண்ணி அதுக்கு அப்புறம்தான் குழாய்க்கு வரும். அவங்க டெஸ்ட் பண்ணின 12 மொதல் லிட்டர். நான் சொன்னது "கொஞ்ச நேரம் தொறந்து விட்டுட்டுப் பிடிங்க". எவ்ளோ நேரம்னு சொல்லல. அஞ்சு நிமிஷம் விட்டிருந்தா மெயின்ல இருந்து புதுத் தண்ணி வந்திருக்கும். அவங்க அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோ விட்டிருந்தா, சொன்னத வரி விடாம செய்யறவங்க அவங்க, சரியா இந்தப் பைப்புக்குள்ள இருந்த தண்ணியத்தான் தெனமும் காலைல பால் பாட்டில்ல பிடிச்சிருப்பாங்க. நான் நல்லதுன்னு நெனச்சு, ஸ்கிரிப்ட்ல இருக்கறதுக்கும் மேல அக்கறையா சொன்ன ஒரே விஷயம் அது.

இல்லாமலும் இருக்கலாம். அவங்க பத்து நிமிஷம் விட்டிருக்கலாம், டாய்லெட் போயிட்டு குளிச்சிட்டு அப்புறம் பிடிச்சிருக்கலாம், அந்த வருஷம் எங்க பாஸ்பேட் நல்லா வேலை செஞ்சு பைப்புக்குள்ள படிஞ்ச படலமே தடுத்திருக்கலாம். தெரியாது, தெரிஞ்சுக்கவும் இனி வழியில்ல.

அந்தம்மா வாசப்படில உக்காந்திருந்தாங்க. பேரன் கைல ஒரு மஞ்சள் டிரக், குழி தோண்டற மெஷின விட்டுக் கண்ணெடுக்கல. நான் போய், பழைய பைப் ஈயம், முழுசா எடுத்துட்டு காப்பர் போடறோம், ஆறு மாசத்துக்கு இந்த ஃபில்டர் ஜக்குல பிடிச்சுதான் குடிக்கணும், சமைக்கணும்னு சொன்னேன். அவங்க கோவப்படவே இல்ல. "நான் ஒரு தடவ போன் பண்ணிக் கேட்டேனே, உங்க ஆபீஸ்ல ஒரு பையன் ரொம்ப மரியாதையா பேசினான், ஒண்ணும் இல்லன்னு சொன்னான்"னாங்க.

ஒண்ணும் இல்லன்னு நான் சொல்லவே இல்ல. வாய் வரைக்கும் வந்துச்சு. அப்படிச் சொல்லணும்னா மொதல்ல அந்தப் பையன் நான்தான்னு சொல்லணும். சொல்லல.

அப்புறம் அவங்களே சொன்னாங்க, பேரனுக்கு ஒரு வயசுல ரத்தத்துல ஈயம் டெஸ்ட் பண்ணினோம், 4 வந்துச்சு, டாக்டர் 5க்குக் கீழதான், கவலைப்படாதீங்கன்னார்னு. அது 2020. அதுக்கு அடுத்த வருஷம் அக்டோபர்லதான் அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசி, ரத்தத்துக்கான அந்த 5அ 3.5ஆ கொறச்சாங்க. தண்ணிலயும் 12, அன்னிக்குக் கோட்டுக்குக் கீழ. 2024ல புது விதி வந்து 15அ 10ன்னு கொறச்சாங்க, 2027 கடைசில இருந்து நடைமுறை. ரெண்டு நம்பரும் அன்னிக்கு 'சரி', ரெண்டு கோடும் அதுக்கப்புறம் நகந்துடுச்சு. ஈயம் எங்கயும் நகரல. 1926 வீடு, ஜன்னல் சட்டத்துல பழைய பெயின்ட் உரிஞ்சிருந்ததையும் நான் பாத்தேன், அதுல இருந்தும் 4 வந்திருக்கலாம். அந்தப் பெயின்ட்டப் பாத்ததும் எனக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சு. ஒரு குழந்தையோட வீட்ல பெயின்ட் உரிஞ்சிருக்கறதப் பாத்து நிம்மதி.

"டாக்டர்ட்ட ஒருக்கா திரும்பப் பாக்கச் சொல்லுங்க, இப்ப அளவு மாறியிருக்கு"ன்னு மட்டும் சொன்னேன். அவங்க என் முகத்தக் கொஞ்ச நேரம் பாத்தாங்க. என் இங்கிலீஷ் இந்த ஊர்ல வேற யாருக்கும் வராத இங்கிலீஷ், போன்ல கேட்டிருந்தா மறக்காது. கண்டுபிடிச்சுட்டு எனக்காக விட்டுக்குடுத்தாங்களோன்னு சில நாள் தோணும், சில நாள் அப்படியெல்லாம் இல்லன்னு தோணும்.

2024 நவம்பருக்குள்ள, லைன் ஈயமா இருந்தாலும் சரி, தெரியாதுன்னு இருந்தாலும் சரி, அந்த வீட்டுக்கெல்லாம் அதச் சொல்லி லெட்டர் போடணும்னு சட்டமே வந்துடுச்சு. அந்த ஆயிரக்கணக்கான லெட்டர்ல ஒரு பங்கு நான்தான் செக் பண்ணினேன். 2019ல நான் ஒருத்தருக்குச் சொல்லாம விட்டத இப்ப பிரின்ட்டர் ஊருக்கே சொல்லுது. லெட்டர் போன வாரம் ஒரு இளம் அப்பா கூப்பிட்டு அதே பால் பவுடர் கேள்விய கேட்டார். இந்தத் தடவ எல்லாம் சொன்னேன், 0 சொன்னேன், ஃபில்டர் சொன்னேன், அஞ்சு நிமிஷம்னு சொன்னேன். அவர் அழுதுட்டார். குழந்தைக்கு எட்டு மாசம் ஆச்சாம், எட்டு மாசமா இதத்தான் குடுத்தேன்னார். அவர் வீட்டுப் பைப் தோண்டிப் பாத்தப்ப காப்பர்தான் இருந்துச்சு. மூணு மாசம் அந்த மனுஷன் தூங்கியிருக்க மாட்டார். அப்ப இதுவும் சரியில்லயோன்னு ஒரு மனசு சொல்லுது. ஆனா அடுத்த காலுக்கும் நான் அப்படித்தான் சொல்லப்போறேன்.

அன்னிக்கு வெட்டின பைப்ல ஒரு அடி நீளத் துண்டு ஆபீஸ்ல இருக்கு. புதுசா சேர்றவங்களுக்கு ட்ரெயினிங்ல கைல குடுப்பேன், பாக்கறத விட கனமா இருக்கும், எல்லாரும் ஒரு நிமிஷம் திகைப்பாங்க. கையக் கழுவச் சொல்லிட்டு இந்தக் கதையச் சொல்லுவேன், 'நம்ம ஸ்டாஃப் ஒருத்தர்'னுதான் சொல்லுவேன். போன மாசம் ஒரு பொண்ணு கேட்டா, "கொஞ்ச நேரம்னா எவ்ளோ நேரம்னு அந்தம்மா திருப்பிக் கேக்கலயா?"ன்னு. கேக்கலன்னு சொன்னேன். கேக்கறதுக்கு நான் இடம் விட்டேனான்னு யோசிச்சுப் பாக்கறேன், அந்த எடம் மட்டும் எனக்கு ஞாபகம் வரமாட்டேங்குது.