சோறு, பீச்சு, வொய்

பார்வையற்றோர் கால்பந்தில் கோல்கீப்பராக ஆடுகிறேன் என்று சொன்னால், எதிரில் இருப்பவர் முதலில் என் கண்ணைத்தான் உற்றுப் பார்ப்பார். முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தவர்களும் உண்டு. என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. ஐந்து பேர் அணியில் நான்கு பேர் கண்ணை ஒட்டி மூடி, அதன் மேல் கறுப்புப் பட்டையும் கட்டிக்கொண்டு ஆடுவார்கள். லேசாக வெளிச்சம் தெரிகிறவருக்கும் சுத்தமாகத் தெரியாதவருக்கும் வித்தியாசம் இருக்கக் கூடாது அல்லவா? கோலில் நிற்பவன் மட்டும் பார்வை உள்ளவன். பாராலிம்பிக்கில் அவனுக்கும் பதக்கம் உண்டு. "அவங்க போட்டியில உனக்கு எதுக்குடா கப்பு?" என்று கேட்ட சொந்தக்காரர் ஒருவர் இதைப் படிப்பார், அதற்காகச் சொல்கிறேன்.

2017இல் நான் அரப்பாளையம் பக்கம் ஓடிய ஒரு மினி பஸ்ஸில் கண்டக்டர். அதில் தினமும் ஏறும் மேலூர்க்காரர் ஒருவர், மடக்குக் குச்சியை மடித்துக்கொண்டே ஒருநாள் கேட்டார். "தம்பி, நீ கூப்புடுறது டீக்கடை தாண்டிக் கேக்குது. ஞாயித்துக்கிழமை காலையில சும்மாதானே இருப்ப?" இப்படித்தான் என் ஆட்ட வாழ்க்கை ஆரம்பித்தது. தெருவில் கோல் நின்ற பழக்கம் இருந்ததால், கண் தெரியாதவர்கள் அடிக்கும் பந்துதானே என்ற நினைப்பில்தான் போனேன்.

முதல் பந்து விலாவில் பட்டது. அன்று எங்களிடம் சத்தம் எழுப்பும் பந்து இல்லை. சாதாரணப் பந்தைக் கேரி பேக்கில் கட்டி, அது சரசரக்கும் சத்தத்தை வைத்துத்தான் ஆடினோம். உள்ளே மணிகள் உருளும் நிஜப் பந்து பிறகு வந்தது. அது 510 கிராமுக்குக் குறையாது. வழக்கமான பந்தைவிடக் கனம், எழும்புவதும் குறைவு. தரையோடு தரையாக வந்து கணுக்காலைப் பதம் பார்க்கும்.

பார்வை உள்ள ஆட்டக்காரர் அடிக்கும் முன் எந்த மூலையில் அடிப்பது என்று ஒரு தடவையாவது பார்த்துவிடுவார். கோல்கீப்பரின் பிழைப்பே அந்தப் பார்வையைத் திருடுவதில்தான் இருக்கிறது. இங்கே திருட ஒன்றும் இல்லை. பந்தை இரண்டு பாதங்களுக்கும் நடுவில் டக் டக் என்று தட்டிக்கொண்டே ஓடி வருவார்கள். அந்தத் தட்டலிலேயே ஒன்று அடியாக மாறிவிடும். காலைப் பின்னால் ஓங்குவதெல்லாம் கிடையாது. இடுப்பைப் பார்க்கப் பழகுவதற்கே எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

அதுகூடப் பரவாயில்லை. பேச்சுத்தான் பெரும்பாடு. மைதானத்தை மூன்று பங்காகப் பிரித்து, நம் கோல் பக்கத்துப் பங்கில் கோல்கீப்பர் வழி சொல்வார். நடுவில் கோச், எதிரணி கோலுக்குப் பின்னால் நிற்கும் வழிகாட்டி அந்தப் பக்கம். பந்து நம் பங்கைத் தாண்டிவிட்டால் வாயை மூட வேண்டும். பார்வையாளர்களும் மூச்சு விடக் கூடாது. பந்தை எடுக்க வருகிறவர் "வொய்" என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். ஸ்பானிய மொழியில் "வருகிறேன்" என்பது மாதிரி. சொல்லாவிட்டால் ஃபவுல். முதல்முறை வேடிக்கை பார்க்க வந்த என் மாமா, "என்னப்பா, ஓய் ஓய்னு சண்டை போட்டுக்கிறாங்க?" என்றார்.

நான் முதலில் "வலது, இடது" என்றேன். ஓட்டத்தில் இரண்டும் "து" என்றுதான் காதில் விழுகிறது என்றார்கள். சரி என்று "ரைட்டு, லெஃப்டு" என்று மாற்றினேன். மேலூர்க்காரர் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "தம்பி, நீ ரைட்டுங்கிறது வலது பக்கமா, போலாம் ரைட்டா?" மூன்று வருடம் கண்டக்டராக இருந்தவன் வாயில் அந்தச் சொல் வேறு எப்படி வரும்? கடைசியில் உசிலம்பட்டித் தம்பிதான் வழி சொன்னான். சோத்தாங்கை, பீச்சாங்கை. அதையும் சுருக்கி, சோறு, பீச்சு. ஒன்றுக்கொன்று குழம்பாது, எதிரணிக்கும் புரியாது என்று பெருமையாகக் கொச்சிக்கு ஆடப் போனோம். மலையாளத்திலும் சோறு சோறுதான் என்று அங்கே போன பிறகு உறைத்தது.

கொச்சி என்றாலே எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வரும். கோல்கீப்பருக்கு முன்னால் 2 மீட்டர் ஆழத்துக்குத்தான் இடம். அந்தக் கோட்டைத் தாண்டிப் பந்தை ஆடினால் பெனால்டி. அன்று பந்து கோட்டுக்கு வெளியே அரையடியில் மெல்ல நின்றுவிட்டது. நின்ற பந்து சத்தம் போடாது. இரண்டு பக்கத்து ஆட்களும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு மட்டும் தெரிகிறது. "பீச்சு ரெண்டடி" என்று சொல்லியிருந்தால் மேலூர்க்காரர் எடுத்திருப்பார். என் கை சொல்லுக்கு முன்னால் போய்விட்டது. 6 மீட்டரில் பெனால்டி, உள்ளே. தோற்றோம். ரயிலில் திரும்பும்போது அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "நாங்க நாலு பேரும் உன்னை நம்புறோம்ல, நீ ஏன் எங்களை நம்ப மாட்டேங்கிற?" பதில் சொல்லத் தெரியவில்லை. திண்டுக்கல் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மதுரையில் ஆடுவதற்கு வேறு மாதிரிப் பொறுமை வேண்டும். சித்திரை மாதம் எந்தத் தெருவில் குழாய் ரேடியோ இல்லை? பாட்டு அலறும்போது பந்துச் சத்தம் எங்கே கேட்கும்? ஒரு கல்யாண வீட்டுக்குப் போய், "அரை மணி நேரம் மட்டும் சத்தத்தைக் குறைச்சுக்கங்கண்ணே" என்று கெஞ்சி, கூடவே சாப்பிட்டும் விட்டு வந்திருக்கிறோம்.

2024 பாரிஸ் இறுதிப் போட்டியை என் செல்போனில் பார்த்தோம். நான் பார்த்தேன், அவர்கள் கேட்டார்கள். 2004இலிருந்து ஐந்து தங்கத்தையும் அள்ளிய பிரேசில் அரையிறுதியிலேயே போய்விட்டது. பிரான்சும் அர்ஜென்டினாவும் 1-1, பெனால்டியில் பிரான்ஸ் ஜெயித்தது. ஒவ்வொரு பெனால்டிக்கும் "கீப்பர் எங்க நிக்கிறான்ணே?" என்று உசிலம்பட்டித் தம்பி நச்சரித்ததில் எனக்கே வியர்த்துவிட்டது.

போன வருடம் குரல் கரகரத்து, அப்புறம் அடைத்தே போனது. குரல்நாணில் முடிச்சு என்றார் டாக்டர். கத்தவே கூடாதாம். முழங்காலோ முதுகோ போய் நின்றிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். இப்போது திருமங்கலத்துப் பையன் ஒருவன் கோலில் நிற்கிறான். கை நல்ல கை. வாய்தான் ஓயாமல் பேசுகிறது. நானும் அப்படித்தான் இருந்தேன்.

பெனால்டி அடிக்கும் முன் யாராவது இரண்டு கம்பத்தையும் உலோகத்தால் தட்டிக் காட்ட வேண்டும். அடிப்பவர் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் கோலின் அகலத்தை அளப்பார். பயிற்சியில் இப்போது அந்த வேலை என்னுடையது. பஸ்ஸில் கம்பியைத் தட்டி டிக்கெட் கேட்ட அதே பழக்கத்தில், ஐந்து ரூபாய்க் காசால் தட்டுகிறேன். போன ஞாயிறு மேலூர்க்காரர் அடிக்க நின்றார். தலையைச் சாய்த்து இரண்டு பக்கமும் கேட்டார்.

"டிக்கெட் எடுத்தாச்சுப்பா" என்று சொல்லிவிட்டுப் பையனின் பீச்சாங்கைப் பக்கம் அடித்தார்.